வாரண்ட் இல்லாமல் வீட்டுச் சோதனை: காவல் துறையின் அதிகாரம் எது வரை?

பெருங்குடி அண்ணன் எழுதியது:

சட்டம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும். என் தம்பி நண்பர்கள் மூவரோடு பெருங்குடியில் வாடகை வீட்டில் தங்கியிருக்கிறான். சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு மேல் நான்கு பேர் வந்திருக்கிறார்கள்; இருவர் சீருடையில், இருவர் சாதாரண உடையில். பக்கத்துத் தெருவில் நடந்த திருட்டு தொடர்பான விசாரணை என்று சொல்லியிருக்கிறார்கள். வாரண்ட் இருக்கிறதா என்று பையன்கள் கேட்டதற்கு, "அதெல்லாம் தேவையில்லை, தள்ளி நில்" என்பதுதான் பதில். பீரோ, பெட்டி, மெத்தையின் அடி என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, தம்பியின் மடிக்கணினியையும் பழைய கைப்பேசி ஒன்றையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். யாரையும் கைது செய்யவில்லை. எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. மறுநாள் நிலையத்தில் போய்க் கேட்டால், "ஆய்வாளர் வரட்டும்" என்கிறார்கள்.

மடிக்கணினி வாங்கிய ரசீது கையில் இருக்கிறது. அவனுடைய வேலை முழுவதும் அதில்தான். வாரண்ட் தேவையில்லை என்று அவர்கள் சொன்னது உண்மையா? உண்மை என்றால், யார் வீட்டுக்குள்ளும் எந்த நேரத்திலும் நுழைந்துவிடலாமா?

நெறியாளர் எழுதியது:

காவல் நிலையத்தின் பெயரையும் அதிகாரிகளின் பெயர்களையும் இந்த இழையில் யாரும் குறிப்பிட வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பேசுவோம்.

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைச் சரியாகத் தெரிந்துகொண்டால்தான் மற்றப் பாதிக்காக வாதாட முடியும்.

நடுவர் (மாஜிஸ்திரேட்) கையெழுத்திட்ட தாள் இல்லாமல் காவலர் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தியச் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சோதனை வாரண்டைப் பற்றி 96ஆம் பிரிவு பேசுகிறது. அதே சட்டத்தின் 185ஆம் பிரிவு, நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ புலனாய்வு செய்யும் அதிகாரிக்கோ வாரண்ட் இல்லாமல் சோதனையிடும் அதிகாரத்தைத் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 165ஆம் பிரிவு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் ஏற்பாடுதான். புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் வழக்கு நடத்தும் நீதிமன்றங்களில் பார்க்கும் வீட்டுச் சோதனைகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

ஆனால் 185ஐ முழுவதும் படியுங்கள். அந்த அதிகாரிக்குப் புலனாய்வு செய்ய உரிமையுள்ள ஒரு குற்றம் இருக்க வேண்டும். நடுவரின் உத்தரவு இல்லாமல் புலனாய்வு செய்ய முடியாத சிறு குற்றங்களுக்காக இந்தப் பிரிவைச் சொல்லிக்கொண்டு வர முடியாது. தேடும் பொருள் அந்த இடத்தில் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். வேறு வழியில் போனால் தேவையற்ற தாமதம் ஆகும் என்ற நிலை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காரணத்தையும் எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதையும் சோதனைக்கு முன்பே வழக்கு நாட்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். சோதனை முடிந்து நிலையத்துக்குத் திரும்பியபின் எழுதுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. கூடுமானவரை அந்த அதிகாரியே நேரில் வர வேண்டும். தனக்குக் கீழுள்ளவரை அனுப்பினால், எந்த இடம், என்ன பொருள் என்று எழுத்தில் உத்தரவு கொடுத்து அனுப்ப வேண்டும். எழுதிய பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போயாக வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் மனுச் செய்தால் அந்த நகலை நடுவர் இலவசமாகத் தர வேண்டும்.

அதனால் உங்கள் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்தக் குற்ற எண்ணில் (வழக்குப் பதிவு எண்) வந்திருக்கிறீர்கள்? புலனாய்வு அதிகாரி யார்? உங்களை அனுப்பிய எழுத்து உத்தரவு எங்கே? சாட்சிகள் எங்கே? "வாரண்ட் தேவையில்லை" என்ற ஒரே பதிலால் இந்தக் கேள்விகளில் எதையும் தட்டிக்கழிக்க முடியாது.

பெருங்குடி அண்ணன் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சாட்சிகள் என்று யாரும் வரவில்லை. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது அவரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டார்களாம். மடிக்கணினியைத் திரும்பப் பெற என்ன செய்வது?

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

103ஆம் பிரிவின்படி, அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு தொடர்பில்லாத, மதிப்புள்ள இருவரையாவது சோதனைக்கு முன்பே அழைக்க வேண்டும். அவர்கள் முன்னிலையில் தேட வேண்டும். என்ன எடுத்தார்கள், எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதிச் சாட்சிகளின் கையெழுத்தோடு ஒரு நகலைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். சோதனை நடக்கும்போது குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்கலாம். எந்தச் சூழ்நிலையிலும் இதை மறுக்க முடியாது. அந்தப் பட்டியலைத்தான் இங்கே எல்லோரும் மகஜர் என்கிறோம். மகஜர் நகல் கொடுக்காமல் பொருளை எடுத்துப் போனது சட்ட மீறல், அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை.

இனி நடக்க வேண்டியது. நடந்ததை நாள், நேரத்தோடு எழுதி, ரசீதின் நகலை இணைத்து, நிலைய ஆய்வாளருக்கும் வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகத்துக்கும் ஒப்புகையுடன் பதிவு செய்த விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) இன்றே அனுப்புங்கள். சந்தேகத்தின் பேரில் கைப்பற்றிய பொருளைப் பற்றி நடுவருக்கு உடனே அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 106ஆம் பிரிவு சொல்கிறது. எல்லைக்குரிய நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் மூலம் விசாரித்தால், அப்படி ஓர் அறிக்கை வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வந்திருந்தால் 503ஆம் பிரிவில் பொருளைத் திருப்பித் தரக் கேட்டு மனுச் செய்யலாம். கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் நெடுநாள் வைத்திருக்கக் கூடாது, 15 நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். அறிக்கையே வரவில்லை என்றால் உங்கள் தபாலின் ஒப்புகைதான் உங்களுக்குப் பெரிய பலம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். அதன்பின் ஆணையம் விசாரிக்க முடியாது.

ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் எழுதியது:

வழக்கறிஞர் சொன்ன பிரிவுகளில் எதையும் நான் மறுக்கவில்லை. மகஜர் கொடுக்காமல் போனது தவறு. என் காலத்தில் என் நிலையத்தில் யாராவது அப்படிச் செய்திருந்தால் மெமோ நிச்சயம்.

ஆனால் வாரண்ட் இல்லாத சோதனை என்றாலே அக்கிரமம் என்பதுபோல் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒரு திருடன் பிடிபடுகிறான். நகையை வியாசர்பாடியில் ஒரு வீட்டில் கொடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறான். அவன் பிடிபட்ட செய்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? நான் நடுவரின் இல்லத்துக்குப் போய், மனு எழுதி, உத்தரவு வாங்கித் திரும்புவதற்குள் நகை சௌகார்பேட்டையில் உருகிப் போயிருக்கும். அந்த நகை ஒரு பெண்ணின் பத்து ஆண்டுச் சேமிப்பு. நாளைக்கு அவர் நிலையத்துக்கு வந்து அழும்போது, வாரண்டுக்காகக் காத்திருந்தேன் அம்மா என்று என்னால் சொல்ல முடியாது. 185 இருப்பது இப்படிப்பட்ட இரவுகளுக்காக.

ஓடி ஒளிந்தவனைத் தேடிப் போகும்போதும் அப்படித்தான். கைது செய்ய அதிகாரமுள்ள அதிகாரி, தேடப்படுபவன் ஒரு வீட்டுக்குள் இருக்கிறான் என்று நம்பக் காரணம் இருந்தால், 44ஆம் பிரிவின்படி உள்ளே விடச் சொல்லலாம். தான் யார், எதற்காக வந்திருக்கிறார் என்பதைச் சொல்லிக் கேட்டும் கதவைத் திறக்காவிட்டால் உடைத்துக்கொண்டும் போகலாம். கைதானவனின் உடலைச் சோதிக்க 49ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கும் வாரண்ட் தேவையில்லை; எடுத்த பொருள்களுக்கு ரசீது கொடுக்க வேண்டும்.

பெரம்பூர் அம்மா எழுதியது:

நானும் என் இரண்டு பெண்களும் மட்டும் இருக்கும் வீடு இது. ஐயா சொன்னதுபோல் யாரையோ தேடி இரவில் வந்தால் நாங்கள் கதவைத் திறந்தே ஆக வேண்டுமா? பெண் காவலர் இல்லாமல் உள்ளே வரலாமா? பொழுது சாய்ந்தபின் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது என்று என் தங்கை சொல்கிறாள்.

ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் எழுதியது:

அம்மா, உங்கள் தங்கை சொல்வது கைது பற்றியது. பெண்ணைக் கைது செய்வதற்குத்தான் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் தடை இருக்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில் பெண் அதிகாரியே எழுத்து மூலம் அறிக்கை கொடுத்து நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். வீட்டைச் சோதிப்பதற்கு அப்படி ஒரு பொதுத் தடை சட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் உடலையோ அவர் உடுத்தியிருக்கும் உடையையோ இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல். இதில் எந்த விலக்கும் இல்லை. பொறுப்புள்ள அதிகாரி பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண் காவலரை அழைத்துக்கொண்டுதான் வருவார்.

கதவின் சங்கிலியைப் போட்டுக்கொண்டே பேசுங்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்த நிலையம் என்று கேட்டு, 100க்கு அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். போலிக் காவலர்கள் உலவும் ஊர் இது. உண்மையான அதிகாரி அந்த இரண்டு நிமிடத்துக்குக் கோபப்பட மாட்டார்.

தரமணி மாணவன் எழுதியது:

என் கேள்வி சாலையில் நடக்கும் சோதனையைப் பற்றியது. பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு வாகனத் தணிக்கையில் நிறுத்தினார்கள். உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு மூன்றையும் காட்டினேன். பிறகு முதுகுப் பையைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். அதன்பின் கைப்பேசியின் பூட்டைத் திறந்து கொடு, வாட்ஸ்அப் பார்க்க வேண்டும் என்றார்கள். பயத்தில் கொடுத்துவிட்டேன். என் அம்மாவோடும் என் தோழியோடும் நான் பேசியவற்றை முன்பின் தெரியாத ஒருவர் நடுரோட்டில் நின்றுகொண்டு படித்தார். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. போ என்று அனுப்பிவிட்டார். இதற்கு அவருக்கு அதிகாரம் இருக்கிறதா?

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

தம்பி, மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவின்படி சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி ஆவணங்களைக் கேட்கலாம். குடித்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் மூச்சைப் பரிசோதிக்கலாம். பையைத் திறந்து பார்க்கும் பொது அதிகாரம் அந்தச் சட்டத்தில் இல்லை. பையைத் தேட வேண்டுமானால் வேறொரு சட்டத்தின் கீழ் ஒரு சந்தேகம் இருக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் 43ஆம் பிரிவு பொது இடத்தில் தேட அதிகாரம் தருகிறது. அதற்கும் நம்பக் காரணம் வேண்டும். இளைஞன், இரவு நேரம், இருசக்கர வாகனம் என்ற மூன்றும் சேர்ந்தால் காரணம் ஆகிவிடாது.

கைப்பேசி விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. முன்பு ஒருவனின் சட்டைப் பையைச் சோதித்தால் கிடைத்தது பணப்பை, பஸ் டிக்கெட், சீப்பு. இன்று அதே பையில் வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் பத்து ஆண்டு உரையாடல்களும் இருக்கின்றன. வீட்டைச் சோதித்தால்கூட இவ்வளவு கிடைக்காது. புதிய சட்டத்தின் 94ஆம் பிரிவு, மின்னணுச் சான்று இருக்கக்கூடிய கருவிகளை ஒப்படைக்கும்படி நீதிமன்றமோ நிலையப் பொறுப்பு அதிகாரியோ எழுத்து மூலம் ஆணையிட வழி செய்கிறது. எழுத்து மூலம் என்பதைக் கவனியுங்கள். சாலையோரத்தில் வாய்மொழியாகக் கேட்பது அதில் சேராது.

2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் வீரேந்திர கன்னா வழக்கில், கைப்பேசியைச் சோதிக்க வாரண்ட் பெற வேண்டும், அவசர நிலையில் மட்டும் காரணத்தை எழுதிவைத்து வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம் என்று சொன்னது. அது சென்னையைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லத் தகுந்த தீர்ப்பு. அடுத்த முறை கேட்டால் கோபப்படாமல் இப்படிச் சொல்லுங்கள்: "எழுத்தில் ஆணை கொடுங்கள் ஐயா, ஒப்படைக்கிறேன்."

சான் ஹோசே தமிழன் எழுதியது:

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். அமெரிக்க நிலவரத்தைச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இங்கே அரசமைப்பின் நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனையைத் தடுக்கிறது. வாரண்ட் இல்லாத சோதனை தவறானது என்பதே தொடக்கப் புள்ளி. அதற்கு நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக விதிவிலக்குகளை வகுத்திருக்கின்றன. சோதிக்கப்படுபவர் மனமொப்பிச் சம்மதித்தால் வாரண்ட் வேண்டாம். அதிகாரி சட்டப்படி நிற்கும் இடத்திலிருந்து குற்றப்பொருள் கண்ணெதிரே தெரிந்தால் வேண்டாம். கைதானவரின் உடலையும் அவர் கைக்கெட்டும் இடத்தையும் சோதிக்கவும் வாரண்ட் வேண்டாம். இந்தக் கைக்கெட்டும் எல்லையை வகுத்தது 1969இன் சிமல் வழக்கு. ஓடக்கூடிய வாகனத்துக்கு 1925இன் கேரல் வழக்கிலிருந்தே தனி விலக்கு இருக்கிறது, ஆனால் உள்ளே குற்றப்பொருள் இருப்பதாக நம்ப வலுவான காரணம் வேண்டும். உயிருக்கு ஆபத்து, சான்று அழியும் நிலை, ஓடுபவனைத் துரத்திச் செல்வது போன்ற அவசரங்களும் விலக்குதான். தெருவில் ஒருவரை நிறுத்தி ஆயுதம் இருக்கிறதா என்று ஆடைக்கு மேல் தடவிப் பார்க்க 1968இன் டெர்ரி வழக்கு இடம் கொடுத்தது.

கைதானவரைச் சோதிக்கும் விலக்கு கைப்பேசிக்குச் செல்லாது என்று 2014இல் ரைலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். கைது செய்தாலும் கைப்பேசிக்குள் பார்க்க வாரண்ட் வேண்டும்.

நம் ஊரில் இவற்றுக்கு இணையான பட்டியல் இருக்கிறதா?

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

அங்கே விதி, விதிவிலக்கு என்ற அமைப்பு இருக்கிறது. இங்கே இரண்டு அதிகாரங்களும் ஒரே சட்டத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், அமெரிக்க நான்காவது திருத்தம் போன்ற ஒன்றை நம் அரசமைப்பு வகுத்தவர்கள் சேர்க்கவில்லை, அதை நாமாக இழுத்து வர முடியாது என்றார்கள். 1962 டிசம்பரில் கரக் சிங் வழக்கில் இரவில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும் காவல் கண்காணிப்பு மட்டும் செல்லாது என்று தீர்ப்பானது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்து, எம்.பி. சர்மா தீர்ப்பு அதற்கு மாறாகச் சொன்னதை ரத்து செய்தார்கள். அடிப்படை மாறிவிட்டது, ஆனால் 185இன் வாசகம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இடையில் இருக்கும் பள்ளத்தை வழக்குக்கு வழக்கு நீதிமன்றங்கள்தான் நிரப்ப வேண்டும்.

சம்மதம் என்ற தனிப் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. நடுரோட்டில் லத்தியோடு நிற்பவர் கேட்டு அந்த மாணவர் கைப்பேசியைக் கொடுத்ததைச் சம்மதம் என்று நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கொளத்தூர் கணக்காளர் எழுதியது:

எல்லாம் சரி. விதியை மீறிச் சோதனை செய்தார்கள், சாட்சி இல்லை, மகஜர் இல்லை. அப்படிக் கிடைத்த பொருளை நீதிமன்றம் தூக்கி எறியுமா? எறியாது என்றால் இந்த விதிகளால் யாருக்கு என்ன பயன்?

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கடினமானது இதுதான்.

அமெரிக்காவில் 1961இன் மேப் வழக்குக்குப் பிறகு மாநில நீதிமன்றங்களிலும் அப்படிப்பட்ட சான்று பொதுவாக விலக்கப்படும். இங்கே 1973 டிசம்பரில் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிர்த் திசையில் போனது: சான்று வழக்குக்குப் பொருத்தமானது என்றால், சோதனை சட்டவிரோதமானது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை. சோதனையின் குறைகள் சான்றின் நம்பகத்தைப் பாதிக்கலாம், அவ்வளவுதான். 1983இல் சட்ட ஆணையம் தன் 94ஆவது அறிக்கையில், முறைகேடாகப் பெற்ற சான்றை ஒதுக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் அந்தப் பரிந்துரைக்கு இடம் கிடைக்கவில்லை. இது எனக்குத் தாங்க முடியாத ஏமாற்றம். விதியை மீறினால் எதுவும் இழக்க நேராது என்று தெரிந்த நிலையத்தில் விதியை மதிப்பவர் தன் மனச்சாட்சிக்காக மட்டுமே மதிக்கிறார்.

போதைப்பொருள் வழக்கு இதில் தனி. அந்தச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், அரசிதழில் பதிவுபெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். 1999இல் பல்தேவ் சிங் வழக்கில், அதைச் சொல்லாமல் கைப்பற்றிய பொருளை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் கையில் தொங்கும் பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பை உடலின் பகுதி ஆகாது என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. தரமணி மாணவர் இதைக் குறித்துக்கொள்ளலாம். இதே சட்டத்தில் 42ஆம் பிரிவின்படி, சூரியன் மறைந்தபின் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய, அதற்கான காரணத்தைத் தனியாக எழுத வேண்டும்.

நம் ஊரிலிருந்தே ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு தொழில் நிறுவன அதிகாரியின் தொலைபேசியை ஒட்டுக் கேட்க 2011இல் உள்துறை அமைச்சகம் கொடுத்த உத்தரவை ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கு உதவும் என்ற காரணம் மட்டும் போதாது, சட்டம் சொல்லும் பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒட்டுக் கேட்டுப் பெற்றதைப் பயன்படுத்தவும் தடை விதித்தது. வீட்டுச் சோதனையிலும் ஒருநாள் இந்தப் பார்வை வரும் என்று நம்பித்தான் நான் ஒவ்வொரு வழக்கிலும் 185ஐப் பற்றிய வாதத்தைப் பதிவு செய்கிறேன்.

ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் எழுதியது:

இதில் நான் வேறுபடுகிறேன். கான்ஸ்டபிள் ஒருவர் நாட்குறிப்பில் எழுத மறந்ததற்காகக் கொலைக் கத்தியை ஒதுக்கினால், தண்டனை அனுபவிப்பவர் இறந்தவரின் குடும்பத்தார். தவறு செய்த அதிகாரியைத் தண்டியுங்கள், சான்றைத் தண்டிக்காதீர்கள்.

சாட்சி விஷயத்தையும் சொல்கிறேன். இரவில் ஒரு தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒருவரும் மகஜர் சாட்சியாக வர மாட்டார்கள். வந்தால் பல ஆண்டுகள் கழித்துச் சம்மன் வரும், ஒரு நாள் கூலி போகும், குற்றவாளியின் ஆட்கள் முறைப்பார்கள். அதனால்தான் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவரே ஐந்து வழக்கில் சாட்சியாகிறார். நீதிமன்றம் அவரை நம்புவதில்லை, எங்களையும் திட்டுகிறது.

அயனாவரம் வியாபாரி எழுதியது:

நான் அப்படிச் சாட்சியாகப் போனவன். என் கடைக்கு எதிர் வீட்டில் சோதனை. அழைத்தார்கள், போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உள்ளே என்ன எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. முடிந்ததும் நிரப்பாத தாள்கள் சிலவற்றில் கையெழுத்துக் கேட்டார்கள். "பார்க்காததற்கு எப்படி ஐயா கையெழுத்துப் போடுவது" என்றேன். சிறிது நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு ஓர் அதிகாரி வந்து, என்னை உள்ளே அழைத்துப் போய் ஒவ்வொரு பொருளாகக் காட்டி, என் கண்முன்னே எழுதினார். அதன்பிறகுதான் கையெழுத்திட்டேன். கூண்டில் ஏறி நின்றபோது எனக்கு நடுக்கமே இல்லை. பார்த்ததைச் சொன்னேன், இறங்கினேன்.

சாட்சியாக அழைத்தால் போங்கள். நீங்கள் போகாத இடத்தில்தான் பார்க்காதவன் கையெழுத்துப் போடுகிறான்.

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

வியாபாரி ஐயாவுக்கு என் வணக்கம். எழுத்து மூலம் அழைத்தபின் தக்க காரணமில்லாமல் மறுப்பதும் குற்றம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதவி ஆய்வாளர் ஐயா சொல்லும் சாட்சிப் பஞ்சத்துக்குப் புதிய சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 105ஆம் பிரிவின்படி, சோதனையும் கைப்பற்றுதலும், பட்டியல் தயாரித்துச் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, ஒலி ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும். கைப்பேசியில் எடுத்தாலே போதும். பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். 185லும் இதே கட்டளை இருக்கிறது. தேசியத் தகவலியல் மையம் இதற்கென்றே இ-சாக்ஷ்யா என்ற செயலியை உருவாக்கியிருக்கிறது. இனி எந்த வழக்கிலும் நான் கேட்கும் முதல் கேள்வி, காணொளி எங்கே என்பதுதான். உங்கள் வீட்டில் நீங்களும் பதிவு செய்யலாம். இந்தச் சட்டத்தில் அதைத் தடுக்கும் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் கையைத் தட்டிவிடுவது, வாசலை மறிப்பது போன்றவை வேண்டாம். சட்டவிரோதச் சோதனையைத் தடுத்தவரின் விடுதலையை உச்ச நீதிமன்றம் 1960இல் ரகுமான் வழக்கில் உறுதி செய்திருக்கிறது என்பது உண்மை. காரணத்தை எழுதாமல் வந்த அதிகாரியைத் தடுத்தது குற்றமில்லை என்றார்கள். அந்த விடுதலை நிலைக்க வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் மேலாளர் எழுதியது:

தாமதமாக இழையைப் பார்த்தேன். சுதந்திர தினம், குடியரசு தினம் வந்தால் எங்கள் மேன்ஷனுக்குக் காவலர்கள் வருவது வழக்கம். பதிவேட்டைக் காட்டுகிறோம், அதில் பிரச்சினை இல்லை. சில நேரங்களில் பூட்டியிருக்கும் அறையை என்னிடமுள்ள மாற்றுச் சாவியால் திறக்கச் சொல்கிறார்கள். அறைக்காரர் வேலைக்குப் போயிருப்பார். நான் திறக்கலாமா?

சான் ஹோசே தமிழன் எழுதியது:

இங்கே 1964இன் ஸ்டோனர் வழக்கில், விடுதி எழுத்தர் விருந்தினரின் அறைக்குச் சம்மதம் கொடுக்க முடியாது என்று தீர்ப்பிருக்கிறது. வீட்டு உரிமையாளர் வாடகைதாரருக்காகச் சம்மதிக்க முடியாது என்பதும் 1961இலேயே முடிவானது.

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

நம் சட்டம் சற்று வேறு மாதிரி பேசுகிறது. பூட்டிய இடத்தில் குடியிருப்பவர் மட்டுமின்றி, அந்த இடத்தின் பொறுப்பில் இருப்பவரும் சோதனைக்கு வழிவிட வேண்டும் என்கிறது 103. ஆகவே முறையான சோதனை என்றால் நீங்கள் திறந்துதான் ஆக வேண்டும். பண்டிகைக் காலத் தணிக்கை முறையான சோதனை ஆகாது. ஒரு குற்றம், ஒரு பொருள், அதை எழுதிய ஒரு காரணம் இல்லாமல் அறை அறையாகத் திறக்கச் சொல்ல 185 இடம் தரவில்லை.

பதிவேட்டைக் கொடுங்கள். அறையைத் திறக்கச் சொன்னால் குற்ற எண்ணையும் அதிகாரியின் பெயரையும் கேட்டு உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். அறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் வரும் வரை காத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், அவர் சார்பில் நீங்கள் உள்ளே நின்று பாருங்கள், காணொளி எடுங்கள், மகஜர் நகலை வாங்கி அறைக்காரரிடம் ஒப்படையுங்கள்.